உயரம் முந்தும், நிதானம் பிந்தும்: 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

உங்கள் வீட்டில் பத்து வயதை நெருங்கும் பிள்ளை இருந்தால், அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் மூன்று வளர்ச்சிகளைப் பார்க்கப் போகிறீர்கள். முதலில் உடல் வளரும். அதை ஒட்டியே கோபம், ஆசை, வெட்கம், அழுகை எல்லாம் வேகம் பிடிக்கும். யோசித்துச் செய்வது, பொறுத்துப் போவது, இப்படிச் செய்தால் நாளைக்கு என்ன ஆகும் என்று பார்ப்பது ஆகியவை கடைசியில்தான் வரும். அதுவும் ஒரேயடியாக வராது. இருபத்தைந்து வயது வரைக்கும்கூட மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கும். மூன்றும் சேர்ந்து வருவதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இந்த வயதுப் பிள்ளைகள் செய்யும் பல காரியங்கள் புரியத் தொடங்கும்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். 12 வயதில் தோளை எட்டுவது உயரம் மட்டும்தான். ஆளைப் பார்த்தால் பெரியவர் மாதிரி இருப்பதால் நாமும் பெரியவருக்குரிய பொறுப்பை எதிர்பார்க்கிறோம். அது இல்லை என்றதும், "இவ்வளவு பெரிசா வளர்ந்துட்டு..." என்று ஆரம்பித்துவிடுகிறோம். பல வீட்டுச் சண்டைகளின் முதல் வரி இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ள காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. அதன் முதல் பாதியைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். முதல் பிள்ளையை இந்த வயதுக்குள் அழைத்துப் போகும் பெற்றோரை நினைத்து எழுதினாலும், பாட்டியோ சித்தியோ மாமாவோ, யார் பொறுப்பில் பிள்ளை வளர்ந்தாலும் இதெல்லாம் பொருந்தும்.

முதல் படி: எது எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பருவமடைதல் ஒரு நாளில் நடக்கும் சம்பவம் இல்லை, சில ஆண்டுகள் நீளும் வேலை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஆரம்பத்தில் இரவுத் தூக்கத்தின்போது, விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி, பெண் பிள்ளைக்குச் சினைப்பையையும் ஆண் பிள்ளைக்கு விதைகளையும் தூண்டும். வெளியே ஒன்றும் தெரியாத மாதங்களிலேயே உள்ளே இது நடந்துகொண்டிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் இது தொடங்கும். பெரும்பாலும் முதலில் தெரிவது மார்பு மொட்டு விடுவது. அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து முதல் மாதவிடாய் வரும். அதாவது, மாதவிடாய் வந்த பிறகுதான் பருவம் ஆரம்பிக்கிறது என்று நாம் நினைப்பது தவறு. அப்போது முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். வேகமாக உயரம் கூடும் காலமும் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும். முதல் மாதவிடாய்க்குப் பிறகு பொதுவாக இன்னும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளர்வார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்கும். முதல் அடையாளம் விதைகள் பெரிதாவது. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பையனேகூடக் கவனிக்காமல் இருக்கலாம். குரல் உடைவதும் மீசை அரும்புவதும் வெகு நாள் கழித்து வருபவை. அதனால்தான் ஆண் பிள்ளைகளின் பெற்றோர் தாமதமாக விழித்துக்கொள்கிறார்கள். உயரம் கூடுவதிலும் பையன்கள் பெண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்தியே இருப்பார்கள். ஆனால் வளர ஆரம்பித்தால், உச்சத்தில் இருக்கும் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 9, 10 சென்டிமீட்டர்கூட வளரலாம். பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவு 8 முதல் 9 சென்டிமீட்டர்.

இன்னொன்று: பாதமும் கையும் முதலில் பெரிதாகும், உடம்பு பிறகுதான் எட்டிப்பிடிக்கும். மேசையில் இடித்துக்கொள்வது, டம்ளரைத் தட்டிவிடுவது, படியில் தடுக்கி விழுவது எல்லாம் இதனால்தான். கை இப்போது எவ்வளவு நீளம் என்று மூளை இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. "கண்ணை எங்க வெச்சிருக்க?" என்ற கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒத்திப்போடலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய எல்லைகளும் இருக்கின்றன. பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னால், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னால் பருவ மாற்றங்கள் தெரிந்தால் காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, ஆண் பிள்ளைக்கு 14 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லை, 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றாலும் காட்டுங்கள்.

இந்த எல்லைகளுக்குள்ளேயே சிலர் முந்துவார்கள், சிலர் பிந்துவார்கள். சீக்கிரம் வளரும் பெண் பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஒன்பது வயதுக்காரியை ஊரே பதினைந்து வயதுக்காரியாகப் பார்க்கும், அப்படியே பேசும். அவளுக்கோ இன்னும் பொம்மை வேண்டும், மடியில் படுக்க வேண்டும். வீட்டுக்குள்ளாவது அவளை ஒன்பது வயதுக்காரியாகவே நடத்துங்கள். "இனிமே அங்க ஓடாத, இங்க குதிக்காத" என்று அடுக்குவதைவிட, அவளை உறுத்துப் பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்துவது பெரியவர்களின் வேலை. பிந்தி வளரும் பையனுக்கு வேறு கஷ்டம்: அணியில் சேர்க்க மாட்டார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். தாமதமாக வளர்வது பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. அப்பாவோ மாமாவோ அப்படி வளர்ந்திருந்தால் அவரே அதைச் சொல்லட்டும். பையனுக்கு அது பெரிய ஆறுதல்.

இரண்டாம் படி: வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்

ஒரு காட்சி. பத்து வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கவிழ்ந்து படுக்கவில்லை, விளையாடப் போகவில்லை. கடைசியில் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்கிறாள்: "அம்மா, எனக்குக் கேன்சரா?" மார்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னதாக, தொட்டால் வலிக்கிற மாதிரி ஒரு கட்டி. மார்பு மொட்டு ஒரு பக்கம் முதலில் வருவதும், தொட்டால் வலிப்பதும் முழுக்க இயல்பு. மறு பக்கம் சில மாதங்களில் வந்துவிடும். முன்னாலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரமும் அவள் பயந்து கிடந்திருக்க மாட்டாள்.

பையன்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. பருவ வயதில் ஏறக்குறைய பாதி ஆண் பிள்ளைகளுக்கு மார்புக் காம்புக்கு அடியில் சற்று வீங்கும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 ஆண்டுக்குள் தானாக வடிந்துவிடும். தெரியாத பையன், தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சட்டையைக் கழற்றவே மாட்டான், நீச்சலுக்குப் போக மாட்டான். தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் நினைக்காத நேரத்தில் விறைப்பு வருவதும் நோயல்ல, தப்புமல்ல என்று யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இணையம் சொல்லும், அது சொல்லும் விதம் உங்களுக்குப் பிடிக்காது.

எப்படிப் பேசுவது? உட்கார வைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்காதீர்கள். ஐந்து ஐந்து நிமிடமாக, பல முறை பேசுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுவது இந்த வயதுக்குக் கூச்சம். வண்டியில் போகும்போதும் துணி மடிக்கும்போதும் நாயை நடக்கக் கூட்டிப் போகும்போதும் பேச்சு சுலபமாக வரும். உறுப்புகளை அவற்றின் சரியான பெயரால் சொல்லுங்கள். யாராவது தப்பாகத் தொட்டால், பெயர் தெரிந்த பிள்ளையால்தான் அதைச் சொல்ல முடியும். பெண் பிள்ளைக்குப் பையன்களின் மாற்றமும் பையனுக்கு மாதவிடாயும் தெரிந்திருக்கட்டும். வகுப்பில் ஒரு பெண்ணின் உடையில் கறை பட்டால் சிரிக்காமல் இருக்கும் பையன், வீட்டில் கேட்டு வளர்ந்தவன்.

மாதவிடாய்க்கு முன்கூட்டியே ஒரு சின்னப் பை தயார் செய்து பள்ளிப்பையில் போட்டுவையுங்கள்: இரண்டு மூன்று நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, சுற்றிப்போடக் காகிதம். நாப்கினை எப்படி ஒட்டுவது, எப்படிச் சுருட்டிப் போடுவது என்று வீட்டிலேயே ஒரு முறை செய்து பார்க்கட்டும். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். முதல் ஓரிரு ஆண்டு தேதி ஒழுங்காக இருக்காது. 21 நாளில் வந்தாலும் 45 நாளில் வந்தாலும் இந்த வயதுக்கு அது சரிதான். 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு முறை நாப்கின் நனைந்தாலோ, பள்ளிக்குப் போக முடியாத அளவு வலித்தாலோ பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ரத்தம் அதிகம் போகும் பிள்ளை இரும்புச்சத்துக் குறைந்து எப்போதும் சோர்ந்தே இருப்பாள். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு.

மூன்றாம் படி: எரிந்து விழும்போது என்ன செய்வது

உணர்ச்சிகளைக் கிளப்பிவிடும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் அவற்றை அடக்கி ஆள்வது; அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பயன்படாத நரம்பு இணைப்புகளைக் களைந்து, பயன்படும் இணைப்புகளுக்கு உறை போட்டு வேகப்படுத்தும் வேலை இந்த ஆண்டுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் நிதானம் இருக்கவே இருக்காது என்று அர்த்தமில்லை. அமைதியாக இருக்கும்போது 13 வயதுப் பிள்ளை நம்மளவுக்கே அழகாக யோசிக்கும். மனம் கொதிக்கும்போதுதான் யோசனை கைவிட்டுவிடும்.

பள்ளி விட்டு வந்த பையன் பையைத் தூக்கி எறிகிறான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? டெஸ்ட் பேப்பர் குடுத்துட்டாங்களா? எவ்வளவு மார்க்?"

"எப்பப் பாத்தாலும் மார்க்கு மார்க்கு! என்னை விடும்மா!"

கதவு படாரென்று சாத்தப்படுகிறது. அம்மாவுக்கு மனசு வலிக்கிறது, கோபமும் வருகிறது. உண்மையில் நடந்தது மார்க் சமாச்சாரமே இல்லை. மத்தியானம் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். நண்பர்கள் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நமக்கு அது ஒன்றுமே இல்லாத விஷயம். அவனுக்கு அன்றைக்கு உலகமே அதுதான்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு விடுங்கள். பின்தொடர்ந்து போகாதீர்கள், கதவைத் தட்டாதீர்கள். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குத் தானாக வந்து நிற்பான். "ம்மா, இன்னிக்கு அவனுங்க எனக்கு எடமே குடுக்கல" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வான். "அவனுங்க போனாப் போறானுங்க, நீ வேற பசங்களோட சேரு" என்று உடனே வழி சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். "அடடா, கஷ்டமா இருந்திருக்கும்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மீதியை அவனே சொல்வான். சொல்லி முடித்த பிறகு, "நான் சும்மா கேட்டுக்கட்டுமா, இல்ல என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் யோசிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பல நாட்களில் கேட்டுக்கொண்டால் போதும் என்பதுதான் பதிலாக இருக்கும்.

மரியாதை இல்லாத பேச்சை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் கொதித்துக்கொண்டிருக்கும்போது திருத்த முடியாது. தணிந்த பிறகு, "கோபம் வந்தது சரி. 'சனியன்'னு சொன்னது எனக்கு வலிச்சுது. இனிமே அந்த வார்த்தை வேண்டாம்" என்று இரண்டு வரியில் முடியுங்கள். போன மாதக் கணக்கையெல்லாம் சேர்த்துச் சொல்லிக்காட்டினால் அந்த இரண்டு வரியும் காதில் விழாது. நீங்கள் கத்தியிருந்தால் நீங்களும் மன்னிப்புக் கேளுங்கள். சண்டை போட்டுவிட்டு எப்படிச் சேர்வது என்பதைப் பிள்ளை அங்கேதான் பார்த்துப் பழகுகிறது.

நான்காம் படி: தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தால் இங்கே ஆரம்பியுங்கள். எரிச்சல், மறதி, படிப்பில் கவனமின்மை, காரணமில்லாத அழுகை ஆகிய எல்லாவற்றையும் தூக்கக் குறைவு பெரிதாக்கும். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் தந்த பரிந்துரை.

பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது. ஒன்று, இரண்டு மணி நேரம்கூடத் தாமதமாகலாம். ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளைக்குப் பத்தரை ஆனாலும் கண் சொக்காமல் இருப்பது அடம் இல்லை. பள்ளி மணி மட்டும் பழைய நேரத்துக்கே அடிக்கிறது. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளி காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று 2014இல் சொன்னது. பள்ளி நேரம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை: படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் திரைகளை அணைப்பது, காலையில் எழுந்ததும் வெயில் வெளிச்சத்தில் நிற்க வைப்பது, விடுமுறை நாளில் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அதிகாலை எழுப்பிப் படிக்க வைக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். தூக்கத்தைத் திருடிப் படித்தது மண்டையில் தங்காது. படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடல் உழைப்பும் தூக்கத்துக்கு உதவும். விளையாட்டில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஓடினால், ஆடினால், சைக்கிள் மிதித்தால் போதும்.

ஐந்தாம் படி: விதிகளைக் குறைத்து, உறுதியாக்குங்கள்

எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டினால் எதுவும் நிற்காது. உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்தானவை, பிறரைக் காயப்படுத்துபவை, எங்கே யாருடன் இருக்கிறோம் என்று வீட்டுக்குத் தெரிவிப்பது: இவற்றில் பேரம் கிடையாது. முடிவெட்டு, உடை நிறம், அறை கலைந்து கிடப்பது, கேட்கும் பாட்டு ஆகியவற்றைக் கண்டும் காணாமல் விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றைப் பேசி முடிவு செய்யலாம். எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும், ஏன், தாமதமானால் என்ன என்பதையெல்லாம் பிள்ளையையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தானே எழுதிய விதியை மீறுவது கொஞ்சம் கஷ்டம். மீறினால் அதற்குரிய விளைவு சின்னதாக, உடனே, அந்த விஷயத்தோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். அரை மணி நேரம் தாமதமாக வந்தால் அடுத்த முறை அரை மணி நேரம் முன்னால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் பிடுங்கினால், பிள்ளைக்கு நினைவில் நிற்பது உங்கள் கோபம், தன் தவறு அல்ல. அடி வேண்டவே வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது.

அம்மா ஒன்று, அப்பா ஒன்று சொன்னால் பிள்ளை சுலபமான கதவைத் தட்டும். நீங்கள் இருவரும் தனியாகப் பேசி ஒரே பதிலோடு வாருங்கள்.

நண்பர்கள் விஷயம்

நண்பர்களை விலக்கி வைத்துப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் கூட்டமாக இருக்கும்போது இந்த வயது எப்படி மாறும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளையும் 24 வயதுக்கு மேற்பட்டவர்களையும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். பக்கத்தில் நண்பர்கள் இருந்தபோது பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட வெகு அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. "அவன் தனியா இருந்தா இப்படிச் செய்யவே மாட்டான்" என்று பெற்றோர் புலம்புவது பெரும்பாலும் உண்மைதான்.

ஆகவே, கூட்டத்தில் தப்பித்து வர ஒரு வழியை முன்பே பேசி வையுங்கள். பிள்ளை ஒரு குறிப்பிட்ட எழுத்தையோ படத்தையோ உங்கள் கைபேசிக்கு அனுப்பினால், நீங்கள் உடனே கூப்பிட்டு, "வீட்டுக்கு வா, அவசரம்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. நண்பர்கள் முன்னால் பிள்ளையின் மானம் போகாமல் இருக்க, பழியை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரிந்திருப்பது பாதிக் காவல்.

கைபேசி

பெரும்பாலான சமூக ஊடகத் தளங்கள் தங்கள் விதிகளிலேயே 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்குத் தொடங்கக் கூடாது என்று வைத்திருக்கின்றன. வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கிக் கொடுக்காதீர்கள். ராத்திரி எல்லாக் கைபேசிகளும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும். பிள்ளையின் கைபேசியில் இருப்பதைப் பார்ப்பீர்கள் என்றால், பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒளிந்து பார்த்தது தெரிந்தால் பிள்ளை அதன் பிறகு எதையும் சொல்லாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வாக்குறுதி இருக்கிறது. இதை அமைதியான ஒரு நாளில் சொல்லிவையுங்கள்: "யாராவது உன் படத்தைக் கேட்டாலும், படத்தை வெச்சு மிரட்டினாலும், 'அம்மா அப்பாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னாலும், நீயே ஏதாவது அனுப்பிட்டாலும்கூட, நேரா எங்ககிட்ட வா. திட்ட மாட்டோம், ஃபோனைப் புடுங்க மாட்டோம்." பிள்ளைகள் வாய் திறக்காமல் தனியாகத் தவிப்பதற்குப் பெரிய காரணம் இந்த இரண்டு பயமும்தான். அப்படி வந்து சொன்னால் மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அந்தக் கணக்கைத் தடுத்து, தளத்துக்கும் காவல்துறைக்கும் புகார் கொடுங்கள். வாக்குறுதியையும் காப்பாற்றுங்கள்.

உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள்

எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், தன் நெற்றிப் பருவைத்தான் ஊரே பேசுகிறது என்ற நினைப்பு இந்த வயதின் இயல்பு. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967லேயே இதைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று விளக்கினார். ஏற்கெனவே இப்படிக் கூசிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் "குண்டாயிட்டே", "எலும்பா இருக்கே", "கறுத்துட்டே" என்று உறவினர் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "அவளோட உடம்பைப் பத்தி எங்க வீட்ல பேசறதில்ல" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லுங்கள். பருவத்தில் எடை கூடுவது அவசியம். உயரம் கூடுவதற்கு முன்னால் பலருக்கும் சதை போடும். டயட் என்று எதையும் ஆரம்பித்து வைக்காதீர்கள். நீங்கள் கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றைத் திட்டிக்கொள்வதையும் நிறுத்துங்கள்.

பருவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை மென்மையாக முகம் கழுவினால் போதும். கிள்ளக் கூடாது. மருந்துக் களிம்பு போட்டால் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். குழி விழும் அளவுக்குப் போனால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வியர்வை வாடை இந்த வயதில் புதிதாக வரும். எல்லோர் முன்னாலும் மூக்கைப் பொத்தாமல், தனியாகக் கூப்பிட்டுக் குளியலையும் உடை மாற்றுவதையும் பழக்குங்கள்.

எப்போது வெளியே உதவி கேட்பது

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது மனநிலை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் வீடு, பள்ளி, நண்பர்கள் என்று எல்லா இடத்திலும் மாற்றம் தெரிந்தால், உதவி கேட்க வேண்டும். வயதுவந்தோரிடம் காணப்படும் மனநலப் பிரச்சினைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பே தலைகாட்டுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிடித்த விளையாட்டை விட்டுவிடுவது, பழைய நண்பர்களை மொத்தமாகத் தவிர்ப்பது, மார்க் சரசரவென்று இறங்குவது, காலையில் தினமும் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, எடை வேகமாகக் குறைவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டை மறைப்பது, ஒரு குறிப்பிட்ட பெரியவர் வந்தால் மட்டும் ஒடுங்கிப்போவது: இவற்றை "வயசுக் கோளாறு" என்று தள்ளாதீர்கள்.

சாவைப் பற்றியோ, தான் இல்லாமல் இருப்பதே நல்லது என்றோ பிள்ளை பேசினால், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையான பொருள்களை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மருத்துவரிடம் எந்தக் காரணத்துக்காகப் போனாலும், பிள்ளை அவருடன் சில நிமிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள். "நான் வெளிய உக்காந்திருக்கேன், உனக்கு என்ன கேக்கணுமோ கேளு" என்று நீங்களே எழுந்து வெளியே வாருங்கள். போவதற்கு முன்னால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: மாற்றம் எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, பெண் பிள்ளையானால் கடைசி மாதவிடாய்த் தேதி, பள்ளியிலோ வீட்டிலோ அந்தச் சமயத்தில் என்ன நடந்தது. அந்தத் தாளைப் பிள்ளையிடமும் காட்டி, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று திரும்பி வரும் வழியில் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய ஆபத்து ஏதாவது இருந்தால் மருத்துவரே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்.